கண்ணுக்குப் போடும் மருந்து உள்ளே என்ன செய்கிறது?

கண் கிளினிக்கில் உங்களுக்கு ஒரு சின்னப் போத்தல் தருகிறார்கள். இரவில் ஒரு துளி, நாள் தவறாமல் போடுங்கள் என்கிறார்கள். அல்லது, சீனி வருத்தம் கண்ணைத் தொட்டுவிட்டது, கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்கிறார்கள். பின்னால் வரிசை நீளமாக நிற்கிறது; கேட்க நினைத்ததெல்லாம் தொண்டையோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வந்த பிறகுதான் சந்தேகங்கள் ஒவ்வொன்றாக எழும்புகின்றன. மூதூரிலோ குச்சவெளியிலோ புல்மோட்டையிலோ இருந்து திருகோணமலை நகருக்கு வந்து போகிறவர், ஒரு கேள்விக்காக இன்னொரு நாள் உழைப்பை விட்டுவிட்டு வர முடியாது. அந்தச் சந்தேகங்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். நம் உடல் கோடிக்கணக்கான கலங்களால் (உடலைக் கட்டியிருக்கும் மிகச் சிறிய அலகுகள்) ஆனது. இவை இரசாயனப் பொருள்களை வெளியிட்டு ஒன்றுக்கொன்று செய்தி சொல்கின்றன. துறைமுகத்தில் ஏற்றும் கொடியின் அர்த்தம் தெரிந்த மாலுமிதான் கப்பலைத் திருப்புவான்; கரையில் நிற்பவருக்கு அது வெறும் துணி. அதுபோல, ஒரு செய்தியை ஏற்கும் இடம் எந்தக் கலத்தில் இருக்கிறதோ அந்தக் கலம் மட்டும் அதற்கேற்ப வேலை செய்யும். இப்படிச் செய்தி கொண்டுபோகும் பொருள்களைச் சமிக்ஞை மூலக்கூறுகள் என்பார்கள். நாம் சுருக்கமாகச் செய்திப் பொருள் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இன்சுலினும் ஒரு செய்திப் பொருள்தான்.

கண் மருந்துகள் பல இந்தச் செய்திகளில் ஒன்றைக் கூட்டுகின்றன, அல்லது தடுக்கின்றன. உங்கள் மருந்து எதைச் செய்கிறது என்று தெரிந்தால், அதை ஏன் நிறுத்தக் கூடாது என்பதும் விளங்கும்.

சீனி வருத்தம் கண்ணை எப்படிப் பிடிக்கிறது?

கண்ணின் பின்சுவரில் விழித்திரை (ஒளியை வாங்கி மூளைக்கு அனுப்பும் மெல்லிய படலம்) இருக்கிறது. அது ஒட்சிசனை மிக அதிகம் கேட்கும் பகுதி. இரத்தத்தில் சீனி வருடக்கணக்காகக் கூடியிருந்தால், விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதாகி அடைபடுகின்றன. ஒட்சிசன் குறைகிறது.

அப்போது விழித்திரை, இரத்தக் குழாய் வேண்டும் என்று ஒரு செய்தியை விடுகிறது. அந்தச் செய்திப் பொருளின் பெயர் விஈஜிஎஃப் (இரத்தக் குழாய்களை வளரச் செய்யும் புரதம்). அமெரிக்காவில் நெப்போலியோன் ஃபெராரா என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1989இல் இதைப் பிரித்தெடுத்து அடையாளம் கண்டார்கள்.

இது நல்ல செய்திதானே என்று நீங்கள் நினைக்கலாம். கருவில் பிள்ளை வளரும்போதும், காயம் ஆறும்போதும் இதே பொருள்தான் உதவுகிறது. ஆனால் விழித்திரையில் அது அளவு மீறினால், பழைய குழாய்கள் கசிகின்றன. புதிதாக முளைக்கும் குழாய்கள் பலமில்லாமல் உடைகின்றன. கசிந்த நீர் விழித்திரையின் நடுப்பகுதியில் தேங்கினால் எழுத்தும் முகமும் கலங்கித் தெரியும். குழாய் உடைந்து இரத்தம் கொட்டினால் பார்வை திடீரென்று மறைந்துபோகலாம்.

இதில் நீங்கள் கட்டாயம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. இவ்வளவும் நடக்கும்போது வலி இருக்காது. தொடக்கத்தில் பார்வையும் நன்றாகவே இருக்கும். ஆகவே, எனக்குக் கண் நல்லாத் தெரியுது என்பது பரிசோதனையைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது. பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சீனி வருத்தம் என்றால், நோய் இருப்பது தெரிந்த உடனேயே ஒரு தடவை விழித்திரையைக் காட்டுங்கள். பிறகு வருடத்துக்கு ஒரு தடவை. பாதிப்பு இருந்தால் வைத்தியர் இன்னும் அடிக்கடி வரச் சொல்வார். ஏற்கெனவே சீனி வருத்தம் உள்ள பெண் கர்ப்பமானால், தொடக்க மாதங்களிலேயே காட்ட வேண்டும்.

கண்ணுக்குள் ஊசி என்றால் பயமாக இருக்கிறதே?

பயம் இயல்பு. நடப்பதைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் குறையும். முதலில் மரத்துப்போகும் துளியை விடுவார்கள். கிருமியைக் கொல்லும் அயடீன் மருந்தால் கண்ணையும் இமையையும் கழுவுவார்கள். அது கொஞ்சம் எரியும். இமை மூடாமல் இருக்க ஒரு சிறு கம்பிக் கருவியை வைப்பார்கள். பிறகு கருவிழியின் ஓரத்திலிருந்து 3.5 அல்லது 4 மில்லிமீற்றர் தள்ளி, வெள்ளைப் பகுதியில் மிக மெல்லிய ஊசியைச் செலுத்துவார்கள். ஓர் அழுத்தம் தெரியும். ஊசி சில விநாடிகளில் முடிந்துவிடும்.

உள்ளே போகும் மருந்து, அந்த விஈஜிஎஃப் பொருளைப் பிடித்துக் கட்டிவைக்கிறது. செய்தி போய்ச் சேராததால் கசிவு குறைகிறது. இந்த வகையில் பெவசிசுமாப், ரனிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் என்ற மருந்துகள் உண்டு. பெவசிசுமாப் 2004இல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்காக அனுமதி பெற்ற மருந்து. கண்ணுக்கு அதில் 0.05 மில்லிலீற்றர் போதும் என்பதால், ஒரு போத்தலைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். செலவு பெரிதும் குறைகிறது. உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் கண் மருந்தாக இதைச் சேர்த்திருக்கிறது. புற்றுநோய் மருந்தையா கண்ணில் போடுகிறார்கள் என்று பதற வேண்டாம்.

ஒரு ஊசியோடு முடிந்துவிடுமா? பெரும்பாலும் இல்லை. மருந்து சில வாரங்களில் கரைந்துவிடும். விழித்திரையோ செய்தியைத் தொடர்ந்து விட்டுக்கொண்டிருக்கும். அதனால் முதல் சில மாதங்கள் மாதம் ஒரு ஊசி, பிறகு இடைவெளி விட்டு என்று போகும். சிலருக்கு லேசர் சிகிச்சையும் செய்வார்கள். ஒட்சிசன் இல்லாமல் தவிக்கும் ஓரப் பகுதிகளை லேசர் சுடுவதால், அங்கிருந்து வரும் செய்தியே குறைந்துபோகிறது.

ஊசி போட்ட இடத்தில் சிவப்புத் திட்டு தெரிவதும், ஓரிரு நாள் கண்முன்னே புள்ளி மிதப்பதும் வழமை. ஆனால் அடுத்து வரும் நாட்களில் வலி கூடிக்கொண்டே போனால், பார்வை குறைந்தால், வெளிச்சம் பார்க்கக் கூசினால், அது கண்ணுக்குள் தொற்றாக இருக்கலாம். அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால், கர்ப்பமாக இருந்தால், ஊசிக்கு முன்பே வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.

ஊசி போட்டால் சீனியைக் கட்டுப்படுத்தத் தேவையில்லையா? கட்டாயம் தேவை. ஊசி செய்தியைத்தான் தடுக்கிறது. செய்தி எழக் காரணமான சீனியை அது தொடுவதில்லை. முதலாம் வகைச் சீனி வருத்தக்காரரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த பெரிய ஆய்வு 1993இல் வெளியானது. அதில் சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களிடம் விழித்திரைப் பாதிப்பு தொடங்கும் அபாயம் 76 சதவீதம் குறைந்திருந்தது.

இரவில் போடும் துளி எதற்கு?

குளுக்கோமா (கண்ணின் உள் அழுத்தத்தால் பார்வை நரம்பு பழுதாகும் நோய்) உள்ளவருக்கு அதிகம் கொடுக்கப்படும் துளிகளில் ஒன்று லட்டனோபுரொஸ்ட். இது புரொஸ்டாகிளாண்டின் (உடலின் இழையங்கள் தாமே சுரக்கும் செய்திப் பொருள்) என்பதைப் போலச் செய்யப்பட்ட மருந்து.

கண்ணுக்குள் எப்போதும் ஒரு தெளிந்த நீர் ஊறிக்கொண்டும் வடிந்துகொண்டும் இருக்கிறது. வடிவது குறைந்தால் அழுத்தம் ஏறுகிறது. லட்டனோபுரொஸ்ட் அந்த நீர் வெளியேற இன்னொரு பாதையை இலகுவாக்குகிறது. அழுத்தம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கோ அதற்குக் கொஞ்சம் மேலோ இறங்குகிறது.

இந்த மருந்து பிறந்த கதை நமக்கு ஒரு பாடம். புரொஸ்டாகிளாண்டினைக் கூடுதலாகப் போட்டால் கண் சிவந்து வீங்கும் என்பதே முதலில் தெரிந்திருந்தது. 1970களில் லாஸ்லோ பிட்டோ என்ற ஆய்வாளர் குறைந்த அளவில் போட்டுப் பார்த்தபோது, கண் அழுத்தம் இறங்குவதைக் கண்டார். அதிலிருந்து வளர்ந்த லட்டனோபுரொஸ்ட் 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கெடுத்த பொருளே அளவு மாறியதும் மருந்தாகிவிட்டது. ஒரு துளி நல்லதென்றால் இரண்டு துளி இன்னும் நல்லது என்று எண்ணாதீர்கள். இந்த மருந்தை அடிக்கடி போட்டால் பலன் கூடுவதில்லை, குறையவும் கூடும்.

துளி போட்டும் பார்வை கூடவில்லையே என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். குளுக்கோமாவில் போன பார்வை திரும்பாது. இருக்கிற பார்வையைக் காப்பதுதான் இந்தத் துளியின் வேலை. கிளினிக் பரிசோதனைகளில் எந்த மாற்றமும் தெரியாமல் வருடங்கள் போனால், மருந்து வேலை செய்கிறது என்று பொருள்.

கண் சிவக்கலாம், இமை மயிர் நீளலாம், இமைத் தோல் கறுக்கலாம். தோலில் வழிந்ததைத் துடைத்துவிட்டால் கறுப்பது குறையும். நிறுத்துவதானால் வைத்தியரைக் கேட்டு நிறுத்துங்கள். உங்களுக்குக் குளுக்கோமா இருந்தால், அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகள் எல்லோரையும் கண் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இது குடும்பத்தில் தொடரும் நோய்.

துளியைச் சரியாகப் போடுவது எப்படி?

கையைக் கழுவுங்கள். தலையைப் பின்னே சாய்த்து, கீழ் இமையை ஒரு விரலால் மெல்ல இழுத்தால் சிறு பை போல வரும். போத்தலின் முனை கண்ணிலோ இமை மயிரிலோ படாமல், அதற்குள் ஒரே ஒரு துளி விடுங்கள். கண்ணை மூடி, மூக்குப் பக்கமுள்ள கண் மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அங்கேதான் கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் துவாரம் இருக்கிறது. அதை அடைத்தால் மருந்து தொண்டைக்கும் இரத்தத்துக்கும் போகாமல் கண்ணிலேயே நிற்கும். இரண்டு வகைத் துளி இருந்தால், நடுவே ஐந்து நிமிடமாவது விடுங்கள்.

எங்கே வைப்பது? பெரும்பாலான லட்டனோபுரொஸ்ட் போத்தல்களைத் திறக்கும்வரை பிரிஜ்ஜில், 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும். திறந்த பிறகு 25 பாகைக்குள் என்றால் ஆறு வாரம் வரை வைத்துப் பாவிக்கலாம். திருகோணமலையில் கோடைப் பகல்கள் 30 பாகையை எளிதாகத் தாண்டுகின்றன. திறந்த போத்தலையும் பிரிஜ் கதவில் வைப்பதே நல்லது. உறையவிடக் கூடாது. மோட்டார் சைக்கிள் பெட்டியிலும் வள்ளத்திலும் வைக்கவே வேண்டாம். வீட்டில் பிரிஜ் இல்லையென்றால் மருந்து வாங்கும்போதே சொல்லுங்கள். வெளியில் வைக்கக்கூடிய வகைகளும் உண்டு.

போத்தல் திறந்த திகதியை அதன் மேலேயே எழுதிவையுங்கள். 2.5 மில்லிலீற்றர் போத்தலில் ஏறக்குறைய 80 துளி இருக்கும். இரண்டு கண்ணுக்கும் இரவில் ஒவ்வொன்று என்றால் ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். மூன்று மாதமாக அதே போத்தல் ஓடுகிறது என்றால் இடையில் துளிகள் தவறியிருக்கின்றன.

முட்டு வருத்தக்காரருக்கு ஓர் எச்சரிக்கை

குளுக்கோமாவுக்கு டிமோலோல் என்ற துளியும் கொடுப்பார்கள். இது அட்ரினலின் (இதயத்தை வேகமாக்கி மூச்சுக் குழாயை விரிக்கும் ஓமோன்) அனுப்பும் செய்தியைத் தடுக்கிறது. கண்ணில் போட்ட துளிதானே, நெஞ்சை என்ன செய்யும் என்று நினைக்கலாம். மூக்கு வழியாக இரத்தத்தில் சேர்ந்தால், முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ளவருக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். நாடித் துடிப்பையும் குறைக்கும். முட்டோ இதய நோயோ இருந்தால், கேட்காவிட்டாலும் நீங்களாகவே கண் வைத்தியரிடம் சொல்லுங்கள். நெஞ்சுக்குக் குடிக்கும் மருந்துகளையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கண் கடிக்கு பாமசியில் வாங்கும் துளி நல்லதுதானே?

இங்கேதான் மிகவும் கவனம் தேவை. சிவப்பையும் கடியையும் மாயம்போல நிறுத்தும் துளிகள் பலவற்றில் ஸ்டெரொயிட் இருக்கிறது. நம் உடல் தானே சுரக்கும் கோட்டிசோல் (அழற்சியை அடக்கும் ஓமோன்) என்ற செய்திப் பொருளின் செயற்கை உறவுகள்தான் பிரெட்னிசோலோன், டெக்சமெதசோன் போன்றவை.

கண்புரை அறுவைக்குப் பிறகு வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை போட்டால் இவை அருமையான மருந்து. ஆனால் பிள்ளை கண்ணைக் கசக்குகிறது என்று மாதக்கணக்கில் வாங்கி விட்டால், சிலருக்குக் கண் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறிப் பார்வை நரம்பு பழுதாகும்; கண்புரையும் வரும். கண்ணில் கிருமித் தொற்று இருந்தால் அது கட்டுமீறிப் பரவும். பழைய துண்டைக் காட்டி இதே துளியை மறுபடியும் வாங்காதீர்கள். பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்த துளியை உங்கள் கண்ணில் விடாதீர்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2023இல் நுவரெலியா வைத்தியசாலையில் கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு, பிரெட்னிசோலோன் துளி போட்ட பிறகு கண்ணில் தொற்று ஏற்பட்டது. அந்தத் துளி பாவனையிலிருந்து நிறுத்தப்பட்டது. நல்ல மருந்தும் கிருமி கலந்தால் கண்ணைப் பறிக்கும். மூடி முத்திரை உடையாமல் இருக்கிறதா, காலாவதித் திகதி என்ன என்று பாருங்கள். தெளிவாக இருக்க வேண்டிய துளி கலங்கியிருந்தால் போடாதீர்கள். புதுத் துளி தொடங்கியதும் வலியோ பீளையோ கூடினால், போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியரிடம் போங்கள்.

கிளினிக்கில் விடும் துளியால் ஏன் மங்குகிறது?

விழித்திரையைப் பார்க்கக் கண்மணியை விரிக்க வேண்டும். அதற்கு விடும் துளி, கண்மணியைச் சுருங்கச் சொல்லும் அசெற்றைல்கோலின் (நரம்பு நுனியிலிருந்து தசைக்குப் போகும் செய்திப் பொருள்) என்பதைச் சில மணி நேரம் தடுக்கிறது. அதனால் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் மங்கும். பிறகு தானாகச் சரியாகும். கிளினிக் நாளில் மோட்டார் சைக்கிளை நீங்கள் ஓட்டிப் போகாதீர்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியையும் எடுத்துப் போங்கள்.

வெயில் கண்ணுக்கு நல்லதா, கெட்டதா?

பிள்ளைகளுக்கு வெளிச்சம் வேண்டும். பகல் வெளிச்சம் படும்போது விழித்திரையில் டோபமீன் என்ற செய்திப் பொருள் சுரக்கிறது. கண் அளவுக்கு மீறி நீண்டு கிட்டப்பார்வை வருவதை அது தாமதப்படுத்துகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சீனாவின் குவாங்சோவில் பாடசாலைப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தபோது, புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர் தொகை குறைந்தது. பாடசாலை முடிந்து ரியூசன், ரியூசன் முடிந்து போன் என்று பிள்ளையின் பகல் முழுவதும் சுவருக்குள் கழிய விடாதீர்கள். தினமும் இரண்டு மணி நேரம் வெளியே இருப்பது நல்லது. மர நிழலில் இருந்தாலும் போதும்.

கடலில் வேலை செய்யும் பெரியவருக்கு நிலை வேறு. நேரே அடிக்கும் வெயிலோடு தண்ணீரில் பட்டுத் திரும்பும் புற ஊதாக் கதிரும் கண்ணில் படுகிறது. கண்ணின் வெள்ளைப் படலக் கலங்கள் வளர்ச்சிச் செய்திகளை விடத் தொடங்கி, கண் மூலையில் சதை வளர்ந்து கருவிழி மேல் ஏறுகிறது. மீனவர்களிடம் இது அதிகம். அகன்ற விளிம்புத் தொப்பியும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் கடலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் வேண்டும்.

இயற்கையான பொருள் என்றால் பயமில்லைத்தானே?

இல்லை. விஈஜிஎஃப்பும் இயற்கைதான், அதுதான் பார்வையைப் பறிக்கிறது. செய்திப் பொருளில் இயற்கையா செயற்கையா என்பதைவிட, எங்கே, எவ்வளவு, எப்போது என்பதுதான் முக்கியம்.

அப்படியானால் சிவந்த கண்ணில் தாய்ப்பால் விடலாமா? தாய்ப்பாலில் வளர்ச்சிச் செய்திப் பொருள்கள் இருப்பது உண்மை. ஆனால் அதில் கிருமிகளும் இருக்கும். சிவந்த கண்ணில் விட்டால் தொற்று முற்றி, சிகிச்சைக்குப் போகும் நேரமும் கடந்துவிடும். கண் கடுமையாக வறண்டவர்களுக்கு, அவர்களுடைய இரத்தத்திலிருந்தே எடுத்த தெளிநீரைத் துளியாகக் கொடுக்கும் சிகிச்சை உண்டு. அது கிருமி நீக்கி, அளவாகக் கலக்கி, குளிரில் பாதுகாத்துத் தருவது. வீட்டில் செய்யும் வேலை அல்ல.

முட்டை மஞ்சட்கருவிலும் நிலக்கடலையிலும் இருக்கும் பால்மிடோயில்எத்தனோலமைட் என்ற கொழுப்புச் செய்திப் பொருளை மாத்திரையாகவும் விற்கிறார்கள். சிறு ஆய்வுகள் சிலவற்றில் அது கண் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தது. துளியை நிறுத்திவிட்டு அதை நம்பும் அளவுக்குச் சான்று போதாது. வாங்க விரும்பினால் முதலில் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இந்தியாவுக்குப் போனால்தான் நல்ல சிகிச்சையா?

மதுரை அரவிந்த் கண் வைத்தியசாலைக்கும் சென்னைக்கும் நம்மவர் பலர் போய்வருகிறார்கள். அவை பேர்பெற்ற இடங்கள்தான். ஆனால் ஊசியும் துளியும் ஒரே பயணத்தில் முடிகிற சிகிச்சை இல்லை. வருடக்கணக்காகத் தொடர்ந்து போகக்கூடிய இடமே உங்களுக்கு நல்ல இடம். நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் கண்ணைக் காட்டக் கட்டணம் இல்லை. முதலில் மாவட்டப் பொது வைத்தியசாலையில் காட்டுங்கள். தேவைப்பட்டால் அவர்களே கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கு எழுதித் தருவார்கள்.

கடைசியாக ஒன்று. இறந்துபோன பார்வை நரம்பைத் திரும்ப வளர்க்கும் செய்திப் பொருள் எதுவும் இன்றுவரை மருந்தாகக் கிடைக்கவில்லை. மிஞ்சியிருப்பதைக் காக்கும் மருந்துகளோ நம் கையில் இருக்கின்றன. உங்கள் வீட்டில் சீனி வருத்தமுள்ள ஒருவர் இந்த வருடம் இன்னும் கண்ணைக் காட்டவில்லை என்றால், அடுத்த கிளினிக் நாள் எது என்று இன்றைக்கே விசாரித்து, அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.